உரோம வைத்தியர் கம்பியா, காது குடையும் கம்பியா: எப்படிப் பிரித்தறிகிறார்கள்?

பூநகரிப் பொடியன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் முந்தி முகமாலைப் பக்கம் மிதிவெடி அகற்றும் வேலையில் இருந்தவன். டிடெக்டர் பிடித்துப் பழகிய கை என்பதாலோ என்னவோ, இப்போது இரவில் படுத்தால் யூடியூப்பில் இங்கிலாந்துக்காரர் உழுத வயலில் டிடெக்டரோடு திரிகிற வீடியோக்களைத்தான் தேடித் தேடிப் பார்க்கிறேன். எங்களுக்குச் சிக்னல் கேட்டால் முழங்காலில் இருந்து, பக்கவாட்டிலிருந்து, விரற்கடை விரற்கடையாக மண்ணை எடுக்க வேண்டும். அவர்கள் என்னடா என்றால் சிக்னல் கேட்டதும் சிரித்துக்கொண்டு மண்வெட்டியால் ஒரே குத்து. சரி, அது அவர்கள் ஊர்.

விசயம் இதுதான். ஒரு வீடியோவில் ஒருவர் பச்சை பிடித்த மெல்லிய கம்பி ஒன்றை எடுத்தார், ஒரு முனையில் குட்டிக் கரண்டி. "உரோம காலத்து வைத்தியரின் கருவி" என்று துள்ளினார். கீழே கருத்துப் பகுதியில் ஒருவர் அது பெண்கள் பூச்சு மருந்து எடுக்கும் கரண்டி என்கிறார், இன்னொருவர் காது குடைகிறது என்கிறார், மூன்று பேரும் சண்டை. உண்மையில் இதை எப்படித் தீர்மானிக்கிறார்கள்? ஆயிரத்து எண்ணூறு வருசத்துக்கு முந்திய கம்பி, யார் பிடித்தது, எதற்குப் பிடித்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது கேள்விதான் எனக்கு அவசரம். மன்னாரில் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் என் மச்சான் வயல் வரம்பு வெட்டிக் கட்டும்போது கிட்டத்தட்ட அதே மாதிரி ஒன்று வந்திருக்கிறது. ஒரு விரலை விடக் கொஞ்சம் நீளம், பச்சை, ஒரு முனை உளுந்தளவு தடித்திருக்கிறது, மற்ற முனை தட்டையாகக் கொஞ்சம் குழிந்து. டிடெக்டர் வைத்துத் தேடியதல்ல, மண்வெட்டியில் தட்டுப்பட்டதுதான். மாந்தைக்கு உரோமன் கப்பல் வந்தது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதை வைத்து இப்போது வீட்டில் எல்லாரும் "உரோமன், உரோமன்" என்று தொடங்கிவிட்டார்கள். விசயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

முத்தையன்கட்டு டு எசெக்ஸ்:

தம்பி, நீர் சொல்லும் அந்தச் சிரித்துக்கொண்டு குத்துகிற கூட்டத்தில் நானும் ஒருவன். வந்து கன காலம். ஞாயிற்றுக்கிழமைகளில் கிளப் ஆட்களோடு வயலுக்குப் போவேன், மனிசி திட்டுவா.

முதலில் ஒன்று. வயலில் தனியாக வரும் உரோமச் சிறு கருவிகளில் பெரும்பாலானவை வைத்தியருடையவை அல்ல, சாதாரண ஆட்கள் உடம்பைச் சுத்தம் செய்யக் கொண்டு திரிந்தவை. மூன்று சாமான் ஒரு வளையத்தில் கோத்திருக்கும்: காதுக் குறும்பி எடுக்கும் குட்டிக் கரண்டி, மயிர் பிடுங்கும் முள்ளுவாங்கி, நகத்து அழுக்கு எடுக்கும் தகடு. அந்த நகத் தகட்டின் நுனி பாம்பு நாக்கு மாதிரி இரண்டாகப் பிளந்திருக்கும். இந்தக் கடைசிச் சாமான் உரோம சாம்ராச்சியம் முழுக்க வருவதில்லை, பெரும்பாலும் பிரித்தானியாவில்தான். அதேபோல பெரும்பாலும் இங்கேயே வருகிற இன்னொன்று, விரலளவு வெண்கல அம்மியும் குழவியும். படகு மாதிரி வளைந்த குழிவு, அதற்குள் உருட்டி அரைக்க வளைந்த கம்பி, இரண்டிலும் கொழுவ வளையம். கண்ணுக்கோ முகத்துக்கோ பூசும் நிறப்பொடி அரைத்தது என்று பிரித்தானிய அருங்காட்சியகத்தின் ரால்ஃப் ஜாக்சன் அவற்றைத் தொகுத்து ஆராய்ந்து சொன்னார். அதற்கு முன் அவற்றில் பலவற்றைக் கழுத்துப் பதக்கம் என்று எழுதி வைத்திருந்தார்கள்!

இனி உம்முடைய கேள்வி. வடிவத்தை வைத்துக் கொஞ்சத் தூரம் போகலாம். கரண்டி மிகச் சின்னதாக, வட்டமாக, தண்டுக்குச் சரிவாக இருந்தால் காதுக்கு, அல்லது ஒடுங்கிய கழுத்துக் கண்ணாடிப் புட்டியிலிருந்து வாசனைத் தைலம் எடுக்க. ஒரு முனையில் நீண்ட இலை வடிவத் தகடும் மறு முனையில் ஒலிவ் கொட்டை அளவு தடிப்பும் இருந்தால் அது மருந்து கலக்கிப் பூசுகிற கம்பி. தகடு களிம்பைக் கிளறவும் தடவவும், நாக்கை அழுத்திப் பிடிக்கவும். தடித்த முனை புண்ணின் ஆழம் பார்க்க, பஞ்சு சுற்றித் துடைக்க. இதுதான் எல்லாவற்றிலும் அதிகம் கிடைப்பது. ஏன் அதிகம் என்றால் வைத்தியர் மட்டுமல்ல, மருந்து விற்கிறவரும், வர்ணம் குழைக்கப் படம் எழுதுகிறவரும் அதையே வைத்திருந்தார்கள். ஆக அதை ஒன்றை எடுத்து "டொக்டர்!" என்று கத்துவது வீடியோவுக்கு நல்லது, அவ்வளவுதான்.

சந்தேகம் இல்லாமல் வைத்தியருடையது என்று சொல்லக்கூடியவை கொஞ்சம்தான். சத்திரக் கத்தியின் பிடி: வெண்கலம், ஒரு பக்கம் தசையை விலக்குகிற இலைத் தகடு, மறு பக்கம் அலகு செருகிய பிளவு. அலகு இரும்பு, அது துருப்பிடித்துப் போய்விடும், பிளவு மட்டும் வெறுமனே கிடக்கும், தெரியாதவர் ஏதோ அலங்காரத் துண்டு என்று போட்டுவிடுவார். பிறகு பல் வைத்த இடுக்கிகள், எலும்பு நெம்புகிற கோல், சிறுநீர் எடுக்கும் வளைந்த குழாய், இரத்தம் உறிஞ்சும் வெண்கலக் குடுவை. இவை வயலில் தனியாக வருவது அரிது.

எங்கே வருகின்றன? நான் இருக்கும் இடத்துக்குக் கிட்ட, கொல்செஸ்டர் நகருக்கு வெளியே ஸ்டான்வே என்ற இடம். 1996 இல் ஒரு தகனக் குழியைத் தோண்டினார்கள், உரோமர் பிரித்தானியாவைப் பிடித்த காலத்தை ஒட்டியது, முதலாம் நூற்றாண்டின் நடுப்பகுதி. கத்தி, கொக்கி, ஊசி, இடுக்கி, அறுக்கிற ஒரு சின்ன வாள் என்று சத்திரக் கருவிகள் முழுச் செட். பக்கத்தில் ஒரு வடிகட்டிப் பாத்திரம், அதற்குள் மாசிபத்திரி இனத்துச் செடியின் எச்சம். அதோடு ஒரு விளையாட்டுப் பலகை, வெள்ளையும் நீலமுமாகக் கண்ணாடிக் காய்கள், ஆட்டம் தொடங்கிய மாதிரி அடுக்கியபடி. அந்தச் செட்டில் இருந்த ஒரு ஊசியை மட்டும் எடுத்து உமது கையில் தந்தால் அது தைக்கிற ஊசி என்பீர்.

தாதி:

எசெக்ஸ் அண்ணை சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் மருத்துவமனையில் வேலை செய்கிறவள், எரிமலை மூடிய உரோம நகரமான பொம்பேயில் கிடைத்த கருவிகளின் படத்தை முதலில் பார்த்தபோது எங்களுடைய டிரெசிங் தட்டில் இருக்கிற புரோப்பும் ஃபோசெப்ஸும் ஞாபகம் வந்தன. அங்கே "சத்திர வைத்தியரின் வீடு" என்று ஒரு வீட்டுக்கே பெயர். 1770, 71 இல் தோண்டியபோது கிட்டத்தட்ட 40 கருவிகள் கிடைத்ததால் வந்த பெயர். நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கும் பொம்பேய் ஸ்பெகுலம், பெண்களைப் பரிசோதிக்கிறது, திருகாணியைச் சுழற்றினால் அலகுகள் விரியும். கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலுக்குள் போன சாமான்! திருகாணியின் புரியை அவ்வளவு ஒழுங்காக வெட்டின அந்தக் கொல்லன் யாரோ, அவனுக்குத்தான் நான் கும்பிடு போடுவேன், வைத்தியருக்கு அல்ல.

ஆனால் "இது மருத்துவம், இது அழகு" என்று கோடு போடுவதே எனக்குச் சரியாகப் படவில்லை. செல்சஸ் என்று உரோமர் ஒருவர் முதலாம் நூற்றாண்டில் இலத்தீனில் பெரிய மருத்துவ நூல் எழுதினார், அவரே காதுக்குள் போடும் கம்பியைச் சிகிச்சைக் கருவியாகத்தான் சொல்கிறார். காலையில் வீட்டில் காது குடைந்த கம்பியைப் பிள்ளையின் காதுக்குள் எதுவும் போய்விட்டால் மத்தியானம் அதற்கும் பாவிப்பார்கள் தானே? எங்கள் வீடுகளில் ஹெயர்பின்னால் செய்யாத வேலை இருக்கிறதா (தயவுசெய்து செய்யாதீர்கள், வாரத்துக்கு ஒருவராவது செவிப்பறை கிழிந்து வருகிறார்கள்).

அதே செல்சஸ் சத்திர வைத்தியர் எப்படி இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறார். இளையவராக, அல்லது முதுமையை விட இளமைக்குக் கிட்டவாக இருக்க வேண்டும், கை நடுங்கக் கூடாது, இடது கையும் வலது கை அளவுக்கு வேலை செய்ய வேண்டும், நோயாளியைக் குணமாக்க வேண்டும் என்ற இரக்கம் வேண்டும், ஆனால் அவன் கத்துகிறான் என்று அவசரப்படவோ வேண்டியதை விடக் குறைத்து வெட்டவோ கூடாது. மயக்க மருந்து இல்லாத காலம். யுத்தத்தின் கடைசி மாதங்களில் மயக்க மருந்து இல்லாமல் வேலை பார்த்தவர்கள் இங்கே வாசித்துக்கொண்டிருந்தால் அவர்களுக்கு இந்த வரி விளங்கும். நான் இதற்கு மேல் எழுதவில்லை.

பரியாரியார் பேரன்:

அக்கா சொன்னது முழுக்க முழுக்கச் சரி. எங்கள் அப்பப்பா ஒட்டுசுட்டான் பக்கத்தில் முறிவு நெரிவும் கண் வைத்தியமும் பார்த்தவர். அவருடைய பெட்டிக்குள் இருந்த சலாகைகளில் (வைத்தியத்துக்குப் பாவிக்கிற மெல்லிய கம்பிகள்) ஒன்று வெற்றிலைத் தட்டத்துக்குப் போய்ச் சுண்ணாம்பு எடுக்கும், பிறகு அப்பம்மாவிடம் போய் மை எடுக்கும், பிறகு திரும்பி வரும். கொட்டைப்பெட்டிக்குள் முள்ளுவாங்கியும் குறும்பி எடுக்கிறதும் பல்லுக் குத்துகிறதும் ஒரே வளையத்தில் கோத்து வைத்திருந்த கிழவர்களை எங்கள் வயதுக்காரர் எல்லாரும் பார்த்திருப்பார்கள். உரோமன் கண்டுபிடித்து எங்களுக்குத் தந்ததும் இல்லை, நாங்கள் அவனுக்குக் கொடுத்ததும் இல்லை. காது இருக்கிற இடத்தில் எல்லாம் குறும்பி இருக்கும், காட்டில் நடக்கிறவன் காலில் முள் ஏறும்.

எனக்கு அதிகம் பிடித்தது கண் ஊசிகள். பிரான்சில் சோன் ஆற்றில் மொன்பெலே என்ற இடத்தில் 1975 இல் ஐந்து ஊசிகள் கிடைத்தன. மூன்று முழு ஊசி. மற்ற இரண்டும் உள்ளே துவாரம் உள்ளவை, அந்தத் துவாரத்துக்குள் இன்னொரு மெல்லிய ஊசி, இழுத்தால் வெளியே வரும். கற்றரக்ட் எடுக்கவென்று நினைக்கிறார்கள். பார்வை மறைத்த வில்லையை ஊசியால் கீழே தள்ளிவிடுவதுதான் பழைய முறை. கண்மணிக்கும் கடைக்கண்ணுக்கும் நடுவே குத்தி மெல்லத் தள்ள வேண்டும் என்று செல்சஸ் எழுதியிருக்கிறார். பழைய இந்திய வைத்திய நூலாசிரியர் சுசுருதரும் சலாகையால் இதே வேலையைச் சொல்கிறார். துவாரம் உள்ளதை வைத்து உறிஞ்சியும் எடுத்தார்களா என்பது வேறு பெரிய விவாதம்.

இன்னொன்று. கண் வைத்தியர் முத்திரை என்று உரோமரிடம் ஒன்று இருந்தது, இது கருவி இல்லை, சின்னச் சதுரக் கல், பெரும்பாலும் பச்சை நிறம். நான்கு விளிம்பிலும் எழுத்து தலைகீழாக, கண்ணாடியில் பார்த்தால்தான் வாசிக்கலாம். கண்மருந்தைக் குச்சி குச்சியாக உருட்டிக் காய முதல் அதில் அழுத்துவார்கள், வைத்தியர் பெயர், மருந்தின் பெயர், எந்த நோய்க்கு என்று பதியும். பிறகு வேண்டிய அளவு உரசிக் கரைத்துக் கண்ணில் விடுகிறது, எங்கள் மாத்திரையைக் கல்லில் உரசிக் கொடுக்கிற மாதிரித்தான். 300 க்கும் மேல் கிடைத்திருக்கின்றன, பெரும்பாலும் பிரான்ஸ், ஜெர்மனி, பிரித்தானியா. உரோம உலகத்துக் கண்மருந்துகளுக்குள் குங்குமப்பூ, செம்புத் தூள், மிளகு எல்லாம் போயிருக்கிறது. மிளகு எங்கேயிருந்து போனது என்று நான் சொல்லத் தேவையில்லை. ஒவ்வொரு வருசமும் இந்தியா ஐந்து கோடி செஸ்டெர்ஸ் காசை உறிஞ்சுகிறது என்று உரோம எழுத்தாளர் பிளினி அழுதாரே, அந்தக் கணக்கில் கொஞ்சம் கண் வைத்தியருக்கும் சேரும்.

கருவியை வைத்தியர் எவ்வளவு மதித்தார் என்பதற்கு உரோம காலத்துப் பேர்பெற்ற வைத்தியர் கேலனின் கதை. 192 இல் உரோம் நகரத்தில் பெரிய தீ, அவர் சாமான் வைத்திருந்த களஞ்சியம் எரிந்தது. புத்தகம், மருந்து, கருவிகளோடு, கொல்லர் பார்த்துச் செய்வதற்காகத் தானே மெழுகில் செய்து வைத்திருந்த மாதிரிகளும் போய்விட்டன. அவர் அதைப் பற்றி எழுதிய கடிதம் 2005 இல்தான் கிரேக்க நாட்டு மடம் ஒன்றில் வெளியே வந்தது. இழப்புக்காகக் கவலைப்படாமல் இருப்பது எப்படி என்பதுதான் கடிதத்தின் பொருள். ஆனால் போனவற்றை ஒவ்வொன்றாக எண்ணி எழுதியிருக்கிறார், கவலைப்படாத ஆள்!

சும்மா ஒருவன்:

இவ்வளவு ஏன்? கொழும்பில் பழைய சாமான் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். உரோமன் என்று சொல்லி வித்துவிட்டு உழவு மெஷினுக்கு டயர் மாத்தச் சொல்லும் மச்சானை.

மாந்தை டீச்சர்:

சும்மா ஒருவனுக்கு முதலில். 1940 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டம் இன்னும் இருக்கிறது. 1815 மார்ச் 2 க்கு முந்திய சாமான் எல்லாம் தொல்பொருள். கண்டால் அறிவிக்க வேண்டும், அனுமதிப்பத்திரம் இல்லாமல் தொல்பொருள் தேடித் தோண்டினால் குற்றம். ஸ்கானர் மெஷினோடு புதையல் தோண்டப் போய்ப் பிடிபடுகிறவர்களை மாதத்துக்கு ஒரு தடவை பேப்பரில் பார்க்கிறோம். பூசாரி, சேவல், தேசிக்காய், ஸ்கானர், எல்லாம் சேர்த்து ஒரே வான் வண்டியில்! எசெக்ஸ் அண்ணையின் ஊர் வழக்கத்தை இங்கே கொண்டுவந்து பார்க்கலாம் என்று யாரும் டிடெக்டர் வாங்க வேண்டாம். போதாக்குறைக்கு எங்கள் மண்ணுக்குள் வேறு என்னென்ன கிடக்கிறது என்பது கேள்வி கேட்ட தம்பிக்கு என்னை விட நன்றாகத் தெரியும்.

இப்போது உரோமன் கதைக்கு வருவோம். மாந்தை உண்மையிலேயே பெரிய துறைமுகம். 1980 இலிருந்து 84 வரை ஜோன் கார்ஸ்வெல் தலைமையில் தோண்டினார்கள், யுத்தத்தால் நின்றது, பிறகு 2009, 10 இல் திரும்பவும் கொஞ்சம் தோண்டினார்கள். அந்த மண்ணைச் சல்லடை போட்டுத் தண்ணீரில் அலசித் தானியம் தேடினார்கள். கி.பி. 100 முதல் 200 வரையான கோதுமை மணி, 600 அளவில் மிளகு, 900 க்கும் 1100 க்கும் இடைப்பட்ட ஒரு கராம்பு. ஒரே ஒரு கராம்பு! அது இந்தோனேசியத் தீவுகளிலிருந்து வந்தது. எனக்குத் தங்கம் கிடைத்ததை விட இது பெரிது.

உரோமக் காசும் இலங்கையில் நிறைய வந்திருக்கிறது, ஆனால் பெரும்பாலும் 4 ஆம், 5 ஆம் நூற்றாண்டுச் செப்புக் காசுகள், அவற்றைப் பார்த்து இங்கேயே அடித்த போலிகளும் சேர்த்து. பிளினியின் கதையும் தெரியும்தானே. உரோமப் பேரரசன் கிளாடியஸ் காலத்தில் அன்னியஸ் பிளோகமஸ் என்பவரின் ஆள் ஒருவன் அரேபியக் கரையில் காற்றில் அகப்பட்டுத் தப்ரபேனுக்கு, அதாவது இலங்கைக்கு, வந்து சேர்கிறான், இங்கே இருந்த அரசன் அவனிடமிருந்த வெள்ளிக் காசுகளைப் பார்த்து, வேறு வேறு தலை பொறித்திருந்தும் எல்லாம் ஒரே நிறை என்று வியந்து தூது அனுப்புகிறான். அவன் இறங்கிய ஹிப்புரோஸ் துறை குதிரைமலைதான் என்று பலர் கருதுகிறார்கள். மன்னாரிலிருந்து தெற்கே பார்த்தால் தூரமில்லை.

ஆனால் காசு வந்தது என்பதற்காகக் காது குடைகிறதும் உரோமிலிருந்து வரவேண்டும் என்று இல்லை. கண்ணுக்கு மை தீட்டுகிற செம்பு, வெண்கல மைக்கோல் இந்தப் பக்கத்துக்குச் சொந்தச் சாமான். பொம்பரிப்பில் ஈமத்தாழிகளுக்குள்ளிருந்து மைக்கோல் எடுத்திருக்கிறார்கள், அது உரோமன் இங்கே எட்டிப் பார்க்க முந்திய பண்பாடு. தமிழ்நாட்டு அகழாய்வுகளிலும் அஞ்சனக்கோல் திரும்பத் திரும்ப வருகிறது. கட்டுக்கரைப் பக்கமே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தார் தோண்டிப் பழைய குடியிருப்பும் சுடுமண் உருவங்களும் எடுத்த இடம். ஆகவே உமது மச்சானின் கம்பி என் கணிப்பில் மைக்கோலாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அது இரண்டாயிரம் வருசத்துக்கு முந்தியதாகவும் இருக்கலாம், கொள்ளுப்பாட்டி தொலைத்ததாகவும் இருக்கலாம். வடிவம் மாறவே இல்லை, அதுதான் சிக்கல்.

வைத்தியக் கருவி பார்க்க ஆசை என்றால் பொலன்னறுவைக்குப் போங்கள். ஆலாஹன பிரிவேனாவில் 12 ஆம் நூற்றாண்டு, முதலாம் பராக்கிரமபாகு காலத்து வைத்தியசாலை. தோண்டியபோது கத்தரிக்கோல், இடுக்கி, கத்தி எல்லாம் கிடைத்து அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். அங்கே யாரும் "இது அழகுச் சாதனமோ" என்று கேட்பதில்லை. ஏனென்றால் எடுத்த இடம் வைத்தியசாலை, பக்கத்தில் மருந்து அரைக்கிற கல்லும் கிடந்தது.

முத்தையன்கட்டு டு எசெக்ஸ்:

டீச்சர் கடைசியில் சொன்னதுதான் தம்பி கேட்டதற்கு நேரான பதில். இத்தாலியில் ரிமினியில் 1989 இல் நகரத்து நடுவே ஒரு சதுக்கத்தில் வேலை செய்யும்போது ஒரு வைத்தியர் வீடு வந்தது. 3 ஆம் நூற்றாண்டின் நடுவில் தீயில் இடிந்து அப்படியே மூடுண்ட வீடு. 150 க்கும் மேற்பட்ட கருவிகள், சூட்டில் உருகி ஒன்றோடொன்று ஒட்டியபடி சில. சுவரில் நோயாளியோ யாரோ கீறிய எழுத்தில் யூட்டிகெஸ் என்ற பெயர் கூட இருக்கிறது. அங்கே இருந்த சாதாரண ஊசியும் சாதாரணக் கரண்டியும் கூட இன்று வைத்தியக் கருவிதான், ஏனென்றால் அவை இருந்த மேசை தெரியும்.

மறு பக்கம் அழகுச் சாதனத்துக்கும் அப்படியே. 2003 இல் இலண்டன் சதக்கில், தபார்ட் சதுக்கம் என்ற இடத்தில் ஒரு சின்னத் தகர டப்பி எடுத்தார்கள், மூடி இறுகியபடி. திறந்தால் வெள்ளைக் கிரீம், உள்ளே விரல் பட்ட தடம். சோதித்துப் பார்த்தால் மிருகக் கொழுப்பு, மாப்பொருள், தகரத்தின் ஒட்சைட்டு. அதே மாதிரிக் கலந்து கையில் பூசியும் பார்த்தார்கள், முதலில் எண்ணெய்ப் பிசுக்கு, பிறகு மா மாதிரி மிருதுவாக வெள்ளை நிற்கிறதாம். டப்பி வெறுமையாக இருந்திருந்தால் மருந்தா பூச்சா என்று இன்றைக்கும் அடிபட்டுக்கொண்டிருப்போம்.

டீச்சர், எங்கள் ஊர் வழக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்திச் சொல்லிவிட்டீர்கள், அதற்கும் ஒரு வார்த்தை. இங்கேயும் காணிக்காரர் சம்மதம் இல்லாமல் கால் வைக்க ஏலாது, பாதுகாத்த இடங்களில் அறவே ஏலாது, இரவில் களவாகப் போகிறவர்களும் இருக்கிறார்கள், பிடிபடுகிறார்கள். ஆனால் 1997 இலிருந்து ஒரு நல்ல ஏற்பாடு நடக்கிறது. கண்டெடுத்ததை அந்தந்த மாவட்டத்து அலுவலரிடம் கொண்டுபோனால் படம் எடுத்து, நிறுத்து, இடத்தை ஆள்கூறோடு குறித்து, எல்லாரும் பார்க்கக்கூடிய தரவுத்தளத்தில் போட்டுவிட்டுச் சாமானை உம்மிடமே திருப்பித் தருவார். சாதாரண வெண்கலக் கம்பிக்கு அரசு உரிமை கேட்பதில்லை. 15 இலட்சத்துக்கும் மேல் பதிந்திருக்கிறார்கள். அந்த நகத் தகடு எங்கே அதிகம், எங்கே இல்லை என்று இன்று வரைபடம் போட முடிவது அப்படிக் கொண்டுபோய்க் கொடுத்த ஆட்களால்தான். திருப்பித் தருவார்கள் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் நான் உட்பட யாரும் போயிருக்க மாட்டோம், இதையும் சொல்ல வேண்டும்.

பூநகரிப் பொடியன்:

எல்லாருக்கும் நன்றி. இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. இடம் முக்கியம் என்பது எங்கள் வேலையிலும் உள்ளதுதான். ஒரு தோட்டா கோது தனியாக வந்தால் ஒரு அர்த்தம், வரிசையாக வந்தால் வேறு அர்த்தம், குறித்து வைக்காமல் எடுத்தால் சுப்பர்வைசர் தோலை உரிப்பார்.

மச்சானுடன் கதைத்தேன். கம்பியோடு வேறு என்ன வந்தது என்று கேட்டதற்கு, "ஓடுதான், கறுப்பும் சிவப்புமாக ஓட்டுத்துண்டு, அள்ளி வரம்புக்குள்ளேயே போட்டுக் கட்டிவிட்டேன்" என்கிறான்! மச்சாள் ஏற்கெனவே ஒரு முனையைத் தேசிக்காயும் சாம்பலும் போட்டு மினுக்கியிருக்கிறா, இப்போது அந்த முனை மட்டும் தங்கம் மாதிரி இருக்கிறதாம். மற்றது அறிவிக்கச் சொன்னால் அவன் பயப்படுகிறான். கம்பி போனால் போகட்டும், தொல்பொருள் திணைக்களம் காணிக்குக் கல் நட்டு எல்லை போட்டுவிட்டால் பிறகு எங்கே விதைக்கிறது என்று கேட்கிறான். அந்தப் பயத்துக்கு நான் என்ன பதில் சொல்வது?

மாந்தை டீச்சர்:

கறுப்பும் சிவப்புமா? உட்பக்கம் கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு, தேய்த்தால் வழவழப்பா என்று உடனே கேளும். அப்படியென்றால் கம்பியை விட ஓடுதான் கதை. அது பெருங்கற்காலத்து மட்பாண்டம், ஈமத்தாழி இடங்களில் வருகிறது. கொள்ளுப்பாட்டி கணக்கை அப்போது விட்டுவிடலாம். உரோமனையும்.

அவனுடைய பயம் வீண் பயம் என்று நான் சொல்ல மாட்டேன். இங்கே கன இடங்களில் மலையும் குளமும் வயலும் அப்படித்தான் வழக்காகிக் கிடக்கின்றன. ஆனால் மறைத்து வைத்துப் பிறகு பிடிபட்டால் அவன் புதையல் தோண்டினவன் ஆகிவிடுவான், அறிவித்தால் வரம்பு கட்டியபோது கண்டெடுத்தவன். கிராம சேவகரிடம் தனியாகப் போகாமல் கமக்காரர் அமைப்புத் தலைவரையும் கூட்டிக்கொண்டு எழுத்தில் கொடுக்கச் சொல்லும். திகதி போட்டுப் பிரதி ஒன்றில் கையெழுத்து வாங்க வேண்டும். பல்கலைக்கழகத் தொல்லியல் பிரிவுக்கும் அதே பிரதியை அனுப்பினால் தமிழில் கதைக்கிற ஆட்கள் வந்து பார்ப்பார்கள், எல்லை போடுவதற்கு முதல் ஓடு எவ்வளவு தூரம் பரந்திருக்கிறது என்று பார்க்க அவர்களால் முடியும்.

முத்தையன்கட்டு டு எசெக்ஸ்:

தேசிக்காயை உடனே நிறுத்தச் சொல்லும் தம்பி! புளியும் வேண்டாம், பிராசோவும் வேண்டாம். மேலே இருக்கிற வழவழப்பான கரும்பச்சைப் படைதான் உள்ளே இருப்பதைக் காக்கிறது, வேலைப்பாடு இருந்தால் அதுவும் அந்தப் படையில்தான் பதிந்திருக்கும். மினுக்கின முனையில் இனி வெளிர்பச்சையாகப் பொடி பூக்கிறதா என்று பார்க்க வேண்டும். மன்னார் உப்புக் காற்றுக்கு அது வர நல்ல வாய்ப்பு. வந்தால் உள்ளே தின்றுகொண்டே போகும். தேசிக்காய் போட்ட முனையை நல்ல தண்ணீரில், முடிந்தால் பற்றரிக்கு விடுகிற தண்ணீரில், அலசி ஒற்றிக் காயவிட்டு, மூடுகிற டப்பியில் காய்ந்த அரிசியோடோ சப்பாத்துப் பெட்டிக்குள் வருகிற சிலிக்கா பையோடோ வைக்கட்டும். அரிசி நேரே முட்டாமல் கடதாசி சுற்ற வேண்டும். நீர் படம் போடும்போது பக்கத்தில் அடிமட்டம் வைத்து எடும், ஐந்து ரூபாய்க் குற்றி வேண்டாம். இரண்டு முனையும் கிட்டவாக, தண்டில் வளையம் வெட்டியிருக்கிறதா என்று தெரிகிற மாதிரி, பக்கவாட்டிலிருந்தும் ஒன்று.

பரியாரியார் பேரன்:

தண்டில் வளையம் வெட்டியிருந்தால் எனக்குத் தனியாக ஒரு படம் அனுப்பும். அப்பப்பாவின் சலாகைகளில் அப்படி ஒன்று இருக்கிறது, பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். வரம்புக்குள் போட்ட ஓட்டுத்துண்டுகளை மச்சான் திரும்பக் கிண்டாமல் பார்த்துக்கொள்ளும்.